மறதி நோயும் சலம் கட்டுப்படாமையும்: வீட்டில் பராமரிப்போர் அறிந்திருக்க வேண்டியவை

நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் பற்றி எமது மக்கள் கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் தாராளமாகப் பேசுவார்கள். யாருக்கு என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம் என்பது வரை பேச்சில் வரும். ஆனால் "அம்மா இப்ப உடுப்போடை சலம் போறா", "அப்பாவுக்கு மலம் கட்டுப்படுதில்லை" என்று எவரும் வாய் திறந்து சொல்வதில்லை. குடும்ப வைத்தியராகிய என்னிடம் வரும் பிள்ளைகள்கூட மற்றெல்லாவற்றையும் பேசி முடித்து, எழுந்து கதவடிக்குப் போன பின்னர்தான் "டொக்டர், இன்னுமொரு விசயம்..." என்று இழுப்பார்கள்.

இப்படி மறைத்து வைப்பதால் வரும் பாதிப்பு சிறிதல்ல. உடுப்பு நனைந்துவிடும் என்ற பயத்தில் முதியவரைக் கோயிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ கூட்டிச் செல்வது நின்றுவிடுகிறது. படுக்கை நனையக்கூடாது என்று அவருக்குத் தண்ணீர் கொடுப்பது குறைகிறது. பராமரிக்கும் மகளோ மருமகளோ இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து விரிப்பு மாற்றி, நித்திரையின்றி, எவரிடமும் சொல்லாமல் களைத்துப் போகிறார். ஈற்றில் ஒரு நாள் "இனி என்னாலை ஏலாது" என்ற நிலை வந்து, முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் முடிவு அவசர அவசரமாக எடுக்கப்படுகிறது. மறதி நோயுள்ளவர்களை இல்லத்துக்கு அனுப்ப நேரிடும் முக்கிய காரணங்களில் இதுவும் ஒன்று.

இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: மறதி நோய் வந்துவிட்டது, ஆகவே "இனி இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பலருக்கு இதற்குக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு காரணம் இருக்கும். பம்பர்ஸ் வாங்குவதற்கு முன்னர் அந்தக் காரணத்தைத் தேடுங்கள்.

ஏன் ஏற்படுகிறது?

மலசலகூடம் போய் வருவது எமக்குச் சாதாரண காரியம். ஆனால் அதில் பல படிகள் உள்ளன. சலம் முட்டுவதை உணர வேண்டும். அந்த உணர்வு என்னவென்று விளங்க வேண்டும். மலசலகூடம் எங்கே என்று ஞாபகம் வர வேண்டும். எழுந்து நடக்க வேண்டும். உள்ளே போனதும் எதில் இருப்பது என்று அடையாளம் காண வேண்டும். உடுப்பைத் தளர்த்த வேண்டும். இவற்றில் ஏதாவது ஒரு படி தவறினாலும் உடுப்பு நனைந்துவிடும். மறதி நோயின் ஆரம்ப, நடுக் கட்டங்களில் பலருக்குச் சலப்பை ஓரளவு ஒழுங்காகவே வேலை செய்கிறது. இடத்தைக் கண்டுபிடிப்பதும், சொல்லுவதும், உடுப்பைக் கழற்றுவதும்தான் இயலாமற் போகின்றன. ஆகவே உங்கள் வீட்டில் எந்தப் படி தவறுகிறது என்று கவனியுங்கள்.

எமது முதியவர்களுக்கு இதில் தனிப்பட்ட ஒரு சிக்கலும் உண்டு. இந்த நோயில் அண்மைய ஞாபகங்கள் முதலில் அழிகின்றன. சிறுவயது ஞாபகங்கள் நீண்ட காலம் நிற்கின்றன. ஊரில் அவர்கள் வளர்ந்த வீட்டில் கக்கூஸ் வீட்டுக்குள் இருக்கவில்லை. கிணற்றடியைத் தாண்டி, வளவின் கோடியில் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு அப்பா பின்கதவைத் திறக்கப் போராடினால், "வீட்டை விட்டு ஓடப் பார்க்கிறார்" என்று எண்ணிப் பூட்டுப் போடுவதற்கு முன்னர், அவருக்குச் சலம் முட்டுகிறதா என்று கேளுங்கள். குந்தியிருந்து பழகியவருக்கு வெள்ளை நிலத்தில் வெள்ளை நிறக் கொமோட் ஒன்று நிற்பது கண்ணிலேயே படாமல் போகலாம். மூலையில் நிற்கும் குப்பை வாளியோ பூச்சாடியோ அவருக்கு மலசலகூடமாகத் தெரியலாம். அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்

புதிதாக இப்பிரச்சினை தொடங்கினால், அல்லது திடீரென்று கூடினால், குடும்ப வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் தேடுகின்ற காரணங்கள் இவை:

1. சலத்தில் கிருமித் தொற்று. சலம் போகும்போது எரிவு, காய்ச்சல், ஓரிரு நாட்களில் திடீரெனக் குழப்பம் அதிகரித்தல் என்பன அறிகுறிகள். ஆனால் வயதானவர்களின் சலத்தில் தொற்று இல்லாமலே கிருமிகள் காணப்படுவது சாதாரணம். மணம் மாறியது என்பதற்காக மட்டும் அன்டிபயோட்டிக் கேட்க வேண்டாம்.

2. மலச்சிக்கல். இது மிகவும் முக்கியம். இறுகிய மலம் குடலில் தேங்கிச் சலப்பையை அழுத்தும். சில வேளைகளில் தேங்கிய மலத்தைச் சுற்றித் தண்ணீராக மலம் கசியும். அதை வயிற்றோட்டம் என்று நினைத்து மலத்தைக் கட்டும் குளிசை கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

3. நீரிழிவு. இரத்தத்தில் சீனி கூடினால் சலமும் கூடும். அத்துடன் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகள் சீனியைச் சலத்தோடு வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள்தான். ஆனால் சலத்தின் அளவைக் கூட்டும், அந்தரங்க உறுப்பில் பங்கசுத் தொற்றையும் ஏற்படுத்தலாம்.

4. ஆண்களுக்குப் புரொஸ்டேட் வீக்கம். பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றின் பின் தளர்ந்த அடிவயிற்றுத் தசைகள், கர்ப்பப்பை இறக்கம், மாதவிடாய் நின்றபின் ஏற்படும் வறட்சி. மறதி நோய் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே இவை இருந்திருக்கலாம்.

5. மருந்துகள். பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் சலம் போக்கும் குளிசை, நித்திரைக் குளிசை என்பன சாதாரண காரணங்கள். மறதி நோய்க்குக் கொடுக்கும் டொனெபசில் சிலருக்குச் சலத்தை அவசரப்படுத்தும். அதைக் கட்டுப்படுத்த ஒக்சிபியூட்டினின் என்ற மருந்தைக் கொடுத்தால், அது மூளையில் டொனெபசிலுக்கு எதிராக வேலை செய்து மறதியைக் கூட்டக்கூடும். அதேபோல, ஊரிலிருந்து சூட்கேசில் வந்து சேரும் பிரிட்டன் குளிசையும் வயதானவர்களுக்கு நல்லதல்ல. தடிமனுக்கும் கடிக்கும் எமது வீடுகளில் இதைத் தாராளமாகக் கொடுப்பார்கள். அது குழப்பத்தை அதிகரிக்கும், மலச்சிக்கலை உண்டாக்கும், சலத்தைத் தேங்கவும் வைக்கும். வைத்தியரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இன்னுமொன்று. மறதி, கால் நிலத்தில் ஒட்டியதுபோன்ற தள்ளாட்ட நடை, சலம் கட்டுப்படாமை ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால் மூளையில் நீர் தேங்கும் ஒரு நோயும் காரணமாக இருக்கலாம். இது அரிது. ஆனால் சத்திரசிகிச்சையால் முன்னேற்றம் காணக்கூடியது என்பதால் தவறவிடக்கூடாது.

மூன்று நாட்கள் எழுதி வையுங்கள்

ஒரு கொப்பியில் மூன்று நாட்களுக்கு, எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்கு மலசலகூடம் போனார், எப்போது நனைந்தது, மலம் எப்போது போனது என்று குறித்து வையுங்கள். பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியவரும். உதாரணமாக, காலைத் தேநீர் குடித்து ஒரு மணித்தியாலத்தில் நனைகிறது என்றால், அதற்குப் பதினைந்து நிமிடம் முன்னரே கூட்டிச் சென்றால் போதும்.

ஒழுங்கு எதுவும் தெரியாவிட்டால் பகலில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும், படுக்கப் போகுமுன்னரும் கூட்டிச் செல்லுங்கள். "போகவேணுமா?" என்று கேட்டால் பலர் "இல்லை" என்றே சொல்வார்கள். "வாங்கோ அம்மா, ஒருக்கா போட்டு வருவம்" என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பின் குடல் இயல்பாக அசையும். அந்த நேரத்தில் ஆறுதலாக இருத்தி வைத்தால் மலம் ஒழுங்காகப் போகப் பழகும். கால்களுக்குக் கீழே சிறிய பலகை ஒன்றை வைத்தால் ஊரில் குந்தியிருந்த நிலை ஓரளவு கிடைக்கும். அவர் ஆசனத்தில் இருந்த பின்னர் வைத்து, எழும்புமுன் எடுத்துவிடுங்கள். இல்லாவிடில் தடக்கி விழ நேரிடும்.

சொல்லாமலே தெரியும் அறிகுறிகளும் உண்டு. சும்மா இருந்தவர் எழுந்து உலாவுவது, உடுப்பைப் பிடித்து இழுப்பது, முகத்தைச் சுளிப்பது, கதவுகளைத் திறந்து பார்ப்பது எல்லாம் சலம் முட்டுவதன் அடையாளமாக இருக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடிய மாற்றங்கள்

- மலசலகூடக் கதவைத் திறந்தே வையுங்கள், உள்ளே தெரியட்டும். கதவில் கண் மட்டத்தில் ஒரு படமும் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு சொல்லும் ஒட்டுங்கள்.
- வெள்ளைக் கொமோட்டுக்குக் கடும் நீலம் அல்லது சிவப்பு நிற ஆசனம் பொருத்துங்கள்.
- படுக்கையிலிருந்து மலசலகூடம் வரை இரவில் சிறிய விளக்குகள் எரியட்டும். வழியிலுள்ள கால்விரிப்புகளை எடுத்துவிடுங்கள். இரவில் அவசரமாக ஓடி விழுந்து இடுப்பெலும்பு முறிவது எமது முதியவர்களுக்கு அடிக்கடி நடக்கின்ற விபத்து.
- பிடிகம்பி, உயரமான ஆசனம் என்பவற்றை எங்கே பொருத்துவது என்று தொழில்வழிச் சிகிச்சையாளர் வீட்டுக்கு வந்து சொல்லித் தருவார்.
- நடக்கச் சிரமமானவருக்கு இரவில் கட்டிலருகே கொமோட் கதிரை வையுங்கள். ஆண்களுக்குச் சலப் போத்தல் உதவும்.
- சிப், பொத்தான், இறுக்கமான நாடா வேண்டாம். இலாஸ்டிக் வைத்த காற்சட்டை, சாரம், தளர்வான நைட்டி என்பன நல்லது. சேலைதான் கட்டுவேன் என்று நிற்கும் அம்மாவுக்கு உள்பாவாடையில் நாடாவுக்குப் பதிலாக இலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுங்கள்.
- கழுவத் தண்ணீர் இல்லாவிட்டால் சிலர் மலசலகூடத்தில் இருக்கவே மறுப்பார்கள். ஒரு செம்பு அல்லது வாளியில் இளஞ்சூடான தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். நிலத்தில் தண்ணீர் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

தண்ணீரைக் குறைக்க வேண்டாம்

தண்ணீர் குறைந்தால் சலம் செறிந்து சலப்பையை உறுத்தும், மலம் இறுகும், குழப்பம் கூடும். நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டுக் கோப்பை வரை குடிக்கக் கொடுங்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் வைத்தியர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும். பெரும்பகுதியைப் பின்னேரத்துக்கு முன்னர் கொடுத்து, படுப்பதற்கு முந்திய இரண்டு மணித்தியாலத்தில் மட்டும் குறைத்துக் கொள்ளலாம். பிளேன் ரீயும் கோப்பியும் சிலருக்குச் சலத்தை அவசரப்படுத்தும். மாலையில் அவற்றைத் தவிர்த்துப் பாருங்கள். கீரை, பருப்பு, பப்பாசிப்பழம், தவிட்டு அரிசிச் சோறு என்று எமது சாப்பாட்டிலேயே மலச்சிக்கலுக்கு நல்லவை இருக்கின்றன.

பேச்சும் மரியாதையும்

பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் மறந்து போகும். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் அம்மா "ஒண்டுக்குப் போகவேணும்", "கால் கழுவ வேணும்" என்று சொன்னால் அங்குள்ள பணியாளருக்கு விளங்காது. அவர் எழுந்து நடக்க, அவர்கள் பிடித்து இருத்துவார்கள், உடுப்பு நனையும், பின்னர் "அடம்பிடிக்கிறார்" என்று குறிப்பில் எழுதுவார்கள். உங்கள் வீட்டில் பாவிக்கும் சொற்களை ஆங்கில எழுத்தில், கருத்தோடு ஒரு மட்டையில் எழிதிக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

நானும் அகதியாக இந்நாட்டுக்கு வந்தவன். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக நடந்தவர்களும், 2009இல் மெனிக் பாம் முகாமில் மலசலகூடத்துக்கு வரிசையில் நின்றவர்களும் இன்று எம் மத்தியில் முதியவர்களாக இருக்கிறார்கள். நிகழ்காலம் மங்கும்போது அந்த நாட்கள் திரும்பி வருவதுண்டு. சீருடை அணிந்த முன்பின் தெரியாத ஒருவர் உடுப்பில் கை வைத்தால், அவருக்கு அது பராமரிப்பாகத் தெரியாமல் சோதனையாகத் தெரியலாம். அவர் அடிப்பதும் கத்துவதும் பயத்தினால் இருக்கக்கூடும். செய்யப்போவதை ஒவ்வொன்றாக, மெதுவாகச் சொல்லிச் செய்யுங்கள். ஒரு துவாயால் மூடிக்கொண்டு கழுவுங்கள். பெண்களுக்குப் பெண் பணியாளரே வேண்டும் என்று சேவை நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். கடந்த காலத்தில் ஏதும் நடந்திருந்தால், விபரம் சொல்லாவிட்டாலும், "தொடுவதற்குப் பயப்படுவார்" என்றாவது சொல்லி வையுங்கள்.

நனைந்துவிட்டால் ஏச வேண்டாம். எதற்கு ஏச்சு விழுந்தது என்பது அவருக்குப் பத்து நிமிடத்தில் மறந்துவிடும், அவமானப்பட்ட உணர்வு மட்டும் மனதில் தங்கிவிடும். நனைந்த உடுப்பை அலுமாரிக்குள் ஒளித்து வைப்பதும் அந்த வெட்கத்தினால்தான். பேரப்பிள்ளைகள் முன்னிலையில் "பம்பர்ஸ்" என்ற சொல்லைத் தவிர்த்து "உள்ளாடை" என்றே சொல்லுங்கள்.

பாட், தோல் பராமரிப்பு

எல்லாம் செய்தும் நனைகிறதென்றால் பாட் பாவிப்பதில் குறையேதும் இல்லை. கசியும் அளவுக்கும் உடல் அளவுக்கும் ஏற்றதைத் தெரிவு செய்ய வேண்டும். நடந்து திரிபவருக்கு இழுத்துப் போடும் உள்ளாடை வகை வசதியானது. அவர் அடிக்கடி கழற்றி எறிந்தால், அது நனைந்திருக்கிறதா, இறுக்குகிறதா, தோலில் புண் உள்ளதா என்று பாருங்கள்.

நனைந்தவுடன் மாற்றுங்கள். முன்னாலிருந்து பின்னாகத் துடையுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரும் மென்மையான கழுவும் திரவமும் போதும். டெற்றோல் கலந்த தண்ணீர் வேண்டாம், பவுடர் வேண்டாம். தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, பாதுகாப்புக் கிறீமை மெல்லியதாகப் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் பாட் சலத்தை உறிஞ்சாது. சிவந்து தோல் உரிந்தால் வைத்தியரிடமோ தாதியிடமோ காட்டுங்கள்.

"ரியூப் போட்டுவிட்டால் லேசுதானே" என்று சிலர் கேட்பதுண்டு. சலக்குழாய் கிருமித் தொற்றைக் கொண்டு வரும். மறதி நோயுள்ளவர் அதை இழுத்து இரத்தப்பெருக்கையும் உண்டாக்குவார். சலம் அடைத்தல் போன்ற தெளிவான மருத்துவக் காரணம் இருந்தால் மட்டுமே அது பொருந்தும்.

பராமரிப்பவருக்கு

தாயைக் கழுவ மகனுக்குக் கூச்சம், மாமனாரைக் கழுவ மருமகளுக்குக் கூச்சம். இது இயல்பு. பாசம் குறைவு என்று பொருளல்ல. ஆனால் எமது வீடுகளில் இந்த வேலை பேச்சின்றியே ஒரு பெண்ணின் தலையில் விழுந்துவிடுகிறது. சகோதரர்கள் கூடியிருந்து பேசுங்கள். கழுவ முடியாத மகன் இரவு விழித்திருக்கலாம், விரிப்புகளைத் தோய்க்கலாம், பாட் செலவை ஏற்கலாம், கிழமையில் ஒரு நாள் அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிச் செல்லலாம்.

கோபம் வருவதும் அருவருப்பு வருவதும் மனித இயல்பே. கை ஓங்கத் தோன்றினால் அவரைப் பாதுகாப்பாக இருத்திவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். அந்த நிலை வந்துவிட்டது என்றால் உங்களுக்கு ஓய்வு தேவை. உங்கள் வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள்.

அவுஸ்திரேலியாவில் கிடைக்கும் உதவிகள்

- தேசிய கண்டினன்ஸ் உதவித் தொலைபேசி: 1800 33 00 66. இத்துறையில் பயிற்சி பெற்ற தாதியர் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். தமிழில் பேச விரும்பினால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவைக்கு அழைத்து, இந்த இலக்கத்துக்கு இணைக்கும்படி கேளுங்கள்.
- தேசிய டிமென்ஷியா உதவித் தொலைபேசி: 1800 100 500. நாள் முழுவதும் இயங்கும்.
- கப்ஸ் எனப்படும் அரச கொடுப்பனவு: நிரந்தரமாகவும் கடுமையாகவும் கட்டுப்பாடு இழந்தவர்களுக்குப் பாட் முதலியவை வாங்க உதவும் பணம், வங்கிக் கணக்குக்கு வரும். படிவத்தின் ஒரு பகுதியை வைத்தியரோ தாதியோ நிரப்ப வேண்டும். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத குடும்பங்கள் எம்மிடையே உள்ளன.
- மை ஏஜ்ட் கெயார்: 1800 200 422. வீட்டுக்கு வந்து உதவும் சேவைகளுக்கு இங்கே பதிய வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் 'சப்போர்ட் அற் ஹோம்' என்ற புதிய திட்டம் நடைமுறையில் உள்ளது.
- கெயரர் கேற்வே: 1800 422 737. பராமரிப்பவருக்கான ஆலோசனையும் ஓய்வு ஏற்பாடும்.
- தேசியப் பொது மலசலகூட வரைபடம்: கைத்தொலைபேசியில் பார்க்கலாம். வெளியே போகுமுன் வழியிலுள்ள மலசலகூடங்களைக் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு பையில் மாற்றுடுப்பு, இரண்டு பாட், ஈரத்துடைப்பான், பிளாஸ்டிக் பை என்பன எப்போதும் தயாராக இருக்கட்டும். அந்தப் பை இருந்தால் கோயிலுக்கும் போகலாம், கலியாண வீட்டுக்கும் போகலாம்.
- 75 வயதுக்கு மேற்பட்டோர் வருடம் ஒருமுறை மெடிகெயார் மூலம் முழுமையான உடல்நல மதிப்பீடு செய்து கொள்ளலாம். அன்று இப்பிரச்சினையைக் கடைசியில் சொல்லாமல் முதலில் சொல்லுங்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் ஒரு துண்டில் எழுதி, அந்த மூன்று நாள் குறிப்போடு வைத்தியரிடம் நீட்டுங்கள்.

எம்மைக் கழுவித் துடைத்து வளர்த்தவர்கள் இவர்கள் என்று சொல்லி, எல்லாப் பாரத்தையும் ஒருவரே தாங்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கக்கூடாது. கேட்டால் உதவி கிடைக்கும். கேட்பதற்கு இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

(இக்கட்டுரை பொதுவான தகவலுக்காக எழுதப்பட்டது. உங்கள் குடும்பத்தவரின் நிலைமைக்கு ஏற்ற ஆலோசனையை உங்கள் குடும்ப வைத்தியரிடம் பெற்றுக்கொள்ளவும்.)